முற்றுப்புள்ளிக்குப் பின் ஒரு சாண்

எஸ்தர் டீச்சர் எங்கள் ஊருக்கு வந்த வருஷம்தான் செத்தவர்களுக்கு அடுத்தவர்கள் வளரத் தொடங்கினார்கள். கரட்டுப்புதூர் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார் நாற்காலி காலியாகக் கிடந்து, டிரில் மாஸ்டரே இங்கிலீஷும் எடுத்து, பிள்ளைகள் எல்லாம் மூச்சு முட்டும் வரை ஒரே வாக்கியமாக எழுதிப் பழகியிருந்த காலத்தில், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய அந்த அம்மாள், ஆளுக்கொரு நாலு கோடு நோட்டு வாங்கிவரச் சொல்லி, கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, இதற்குப் பிறகு யார் வந்தாலும் பெரிய எழுத்து, மேல் கோட்டைத் தொட வேண்டும், கமாவுக்குப் பிறகு வருகிறவர் சின்ன எழுத்து, நடுக்கோட்டுக்குள் அடங்கி இருக்க வேண்டும் என்று சொன்னார். அதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை ரேஷன் கடையில் எடை போடும் வையாபுரி மாரடைத்துச் செத்தான். புதன்கிழமை விடிந்ததும் அவன் தம்பி எழுந்து நின்றபோது வேட்டி முழங்காலுக்கு ஏறியிருந்தது.

என்னைத்தான் கூப்பிட்டார்கள். சந்தைப்பேட்டை முக்கில் தையல் கடை வைத்திருக்கும் என்னை ஊரில் எல்லோரும் பாய் என்பார்கள், டேப் கழுத்திலேயே தொங்கும், எதை அளப்பதென்றாலும் நான்தான். அளந்தேன். வையாபுரியின் தம்பி சரியாக ஒரு சாண் கூடியிருந்தான். இழவு வீட்டில் இதைப் பற்றியெல்லாம் பேசக்கூடாது என்று விட்டுவிட்டோம். அடுத்த மாதம் மாவு மில்காரர் போனார், அவர் தங்கை வளர்ந்தாள், பவானிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், அங்கே புருஷன் வீட்டில் இருந்தபடியே வளர்ந்தாள். எங்களுக்கு விளங்காததை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விளக்கினார்கள். செத்தவர் முற்றுப்புள்ளி, அவருக்கு அடுத்துப் பிறந்தவர் பெரிய எழுத்து, இதிலென்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

என் அண்ணன் சையது இபுராகிம் மௌத்தான மறுநாள் நானும் ஒரு சாண் வளர்ந்தேன். அதுவரை அண்ணனுடைய பழைய சட்டைகளைக் கை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தவன், அன்றைக்கு அவருடைய நல்ல சட்டைகூட எனக்குப் பத்தாமல் போனதைப் பார்த்து, மிஷின் மேல் தலையை வைத்து அழுதேன். அதன் பிறகு தெருவில் நெட்டையாக யாராவது வந்தால், அவருக்கு முன்னால் போனவர் யார் என்றுதான் என் மனசு தேடும்.

பழகிவிட்டோம். மனுஷன் எதற்குத்தான் பழகவில்லை. தச்சர்கள் வாசக்காலை ஒரு சாண் தூக்கி வைத்தார்கள், தூக்காத வீடுகளில் நெற்றி வீங்கிய ஆட்கள் இருந்தார்கள், சினிமாக் கொட்டகையில் பெரிய எழுத்துக்காரர்கள் பின் பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று போர்டு மாட்டினார்கள், அண்ணன் தம்பி சண்டையில் "உன்ற தம்பி நெட்டையாகிற நாள் வரோணும்டா" என்று சாபம் விட ஆரம்பித்தார்கள், பிறந்தநாள் அன்று காலில் விழுகிற பிள்ளையை "உன்ற தம்பி குட்டையாவே இருக்கட்டும் கண்ணு" என்று வாழ்த்தினார்கள். சூரத்தில் ஆற்றில் விழுந்து செத்ததாகத் தந்தி வந்த ஒருவனுடைய தம்பி வளராமலே இருந்ததால், அவன் பெண்டாட்டி தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றாள். அவன் பொங்கலுக்கு இன்னொருத்தியோடு வந்து இறங்கியபோது நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை, அவள் விளக்குமாற்றை மட்டும் எடுத்தாள்.

தறிப்பட்டறை முதலாளி லாரியில் அடிபட்டுக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, கோமாவில் இருக்கிறார் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் கமாவில் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு, அப்படியென்றால் வந்துவிடுவார் என்று நிம்மதியாகப் பட்டறையை ஓட்டினோம். எட்டு மாதம் கழித்து அவர் வந்தும்விட்டார். அதிலிருந்து எங்கள் ஊரில் இரண்டு சொல்லும் ஒரே சொல்தான். பிறகு சண்முகவடிவு ஒருவனோடு ஓடிப்போன அன்று அவள் தங்கை வளர்ந்து, ஊரே பதறிக் கிணறு கிணறாகத் தேடி, ஜோடி ஈரோட்டில் மாலையோடு அகப்பட்ட பிறகுதான், ஆச்சரியக்குறிக்குப் பிறகும் பெரிய எழுத்துத்தான் வரும் என்பதை எஸ்தர் டீச்சர் சொன்னார். கேள்விக்குறிக்கும் அப்படியே. அரைப்புள்ளிக்குச் சின்ன எழுத்து. முக்காற்புள்ளிக்கு என்னவென்று கேட்டோம். "அதுல வெள்ளைக்காரனுக்கே சண்டைய்யா, ஒரு நாட்டுக்காரன் பெருசுங்கான், ஒரு நாட்டுக்காரன் சின்னதுங்கான்" என்று டீச்சர் கையை விரித்தார். முக்கால் வரை வந்த பிறகுதான் எதுவும் நிச்சயமில்லாமல் போகிறது, அது எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

மயிலாத்தாளின் கதைக்கு வருகிறேன். வர மனசில்லாமல்தான் இத்தனை நேரம் சுற்றினேன்.

மயிலாத்தா தறிப்பட்டறையில் தார் சுற்றுகிறவள், நெசவு நூலைக் குச்சியில் ஏற்றித் தருகிற வேலை. புருஷன் பாம்பு கடித்துப் போனது எஸ்தர் டீச்சர் வருவதற்கு முந்தைய காலம், ஆகவே அவனுக்கு அடுத்துப் பிறந்தவர் யாரும் வளரவில்லை. பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் சென்னியப்பன், அவனுக்கு நாலு வயது இளையவள் கோகிலவாணி. சென்னியப்பன் பத்தாவது வரை எஸ்தர் டீச்சரிடம் படித்தான், கெட்டிக்காரன், ஒரே ஒரு தப்பைத் தவிர. கமாவுக்குப் பிறகு பெரிய எழுத்துப் போடுவான். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துச் சுழித்து அலுத்துப்போனார். எங்கள் ஊரில் பாதிப் பேர் போர்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளில் வடக்கே போகிறவர்கள், அவர்களுக்கு வீட்டிலிருந்து போகும் கடுதாசிக்கெல்லாம் இங்கிலீஷில் விலாசம் எழுதிக் கொடுப்பது சென்னியப்பன்தான், அங்கே பழகிய பழக்கம் அது. பேர், கமா, தெரு, கமா, ஊர், கமா, ஜில்லா, ஒவ்வொரு கமாவுக்குப் பிறகும் ஒரு பெரிய எழுத்து.

"அதெல்லாம் பேருடே. பேருக்கு எங்க வந்தாலும் பெரிய எழுத்து" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டபோது அவன் சொன்னானாம், "கமாவுக்கு அப்பறம் வர்றவன் திரும்பி வந்தவனாச்சுங்களே டீச்சர். அவனுக்குத்தானுங்க எந்திரிச்சு மரியாதை பண்ணோணும்."

பத்தொன்பது வயதில் அவனும் ரிக் வண்டி ஏறினான். ஒரு வருஷம் மாதம் தவறாமல் கடுதாசி வந்தது. செல்போன் எல்லாம் வராத காலம். பிறகு கடுதாசி நின்றது. வண்டி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. சத்தீஸ்கர் பக்கம் ஒரு காட்டு ஊரில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க இறங்கிப் போனவன் திரும்பவில்லை என்றும், இரண்டு நாள் காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிட்டோம் என்றும் வண்டிக்காரர்கள் சொன்னார்கள். மயிலாத்தா அழவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பதினாறு வயதுக் கோகிலாவை நிலைக்கதவோடு ஒட்டி நிற்கவைத்து, தலைக்கு மேல் கரிக்கோடு போட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தப் பெண் கதவோடு நின்றாள். கோடு ஏறவில்லை, ஏறவில்லை என்று மயிலாத்தா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போவாள். மாசம் பிறந்தால் என் கடைக்கும் கூட்டிவருவாள்.

"பாய், நல்லா அளந்து சொல்லுங்க. போன மாசத்துக்கு ஒரு நூல் எச்சா தெரியுதுங்க."

"வயசுப் புள்ள வளராம என்னக்கா பண்ணும்? இது தானா வளர்ற வளர்த்தி. அந்த வளர்த்தி வந்தா ராத்திரிக்கு ராத்திரி ஒரு சாண் வந்துரும், எனக்குத் தெரியாதா?"

"ஒரு நூல்தானுங்களே?"

"ஒரு நூல்தான், அரைக்கால் அங்குலம்."

அதற்குப் பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. கோகிலாவுக்கு முட்டை கொடுப்பதை நிறுத்தினாள், பாலை நிறுத்தினாள், உயரமான அலமாரியில் இருந்து எதையும் எட்டி எடுக்கக்கூடாது என்றாள். அந்தப் பெண்ணும் குனிந்தே நடக்கப் பழகியது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரை நாலு கோடு நோட்டில் எழுதியது, ஆனால் தன் பெயரைக்கூட நடுக்கோட்டுக்குள் சின்ன எழுத்தில்தான் எழுதும், எஸ்தர் டீச்சர் அதை மட்டும் திருத்தவில்லை.

நாலு வருஷம் போயிற்று. கோகிலாவுக்கு இருபது வயது. வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் பெண்ணைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், வாசலில் செருப்பு மாட்டும்போது தரகர் சின்னக்கண்ணுவைத் தனியே கூப்பிட்டு, அண்ணன்காரன் சங்கதி இன்னும் முடியவில்லையாமே, நாளைக்கு அவன் செத்தது நிஜமாகிப் பெண் ஒரு சாண் வளர்ந்துவிட்டால் எங்கள் பையன் அவள் தோளுக்குத்தானே வருவான் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் விடாமல் கேட்டார்கள். ஊரில் உள்ள பையன்கள் எல்லாம் ஐந்தரை அடிக்கு மேல் இல்லாதவர்கள். கடைசியில் சின்னக்கண்ணு அலைந்து திரிந்து பெருந்துறைப் பக்கம் நல்லசிவம் என்று ஒரு கம்பவுண்டரைக் கண்டுபிடித்தார். பனைமரம் மாதிரி ஆள். கோகிலா ஒரு சாண் வளர்ந்தாலும் அவளைவிட இரண்டு விரல் உயரமாகவே இருப்பான். பார்க்க வந்தவன் வாசக்காலில் இடித்துக்கொண்டு சிரித்தான், அதைப் பார்த்துக் கோகிலாவும் சிரித்துவிட்டாள், நாலு வருஷத்தில் அவள் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

ஆனால் நல்லசிவத்தின் அம்மா விவரமானவள். "வளர்றது வளரட்டும், எனக்கொண்ணும் இல்லீங்க. கலியாணத்துக்கு முன்னால வளர்ந்து முடிஞ்சிரோணும். பாக்கி வெச்சுட்டு எங்க ஊட்டுக்கு வரக்கூடாது" என்றாள்.

அப்போது நாங்கள் பேச ஆரம்பித்தோம். இதில் நானும் உண்டு, ஒளித்துப் பிரயோசனம் இல்லை. பட்டறையில் பேசினோம், குழாயடியில் பேசினோம், கடைக்கு வந்தவளை ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் பேசினோம். போனவன் போய்விட்டான், இருக்கிறவளைப் பார் என்றோம். வாக்கியத்தை எத்தனை நாள் இழுப்பாய் என்றோம். அவனுக்கு ஒரு கருமாதி செய்துவிடு, உயிரோடு இருந்தால் எப்படியும் இவள் வளரப்போவதில்லை, சாமியே அதைக் காட்டிக்கொடுக்கும், அப்புறம் நல்லசிவத்தின் அம்மாவுக்கும் பேச வாய் இருக்காது என்று சின்னக்கண்ணு சொன்ன யோசனை, கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மயிலாத்தாளும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"பண்ணுங்க. என் மவன் இருக்கறான். அவ ஒரு நூல்கூட வளர மாட்டா, பாத்துக்கங்க" என்றாள்.

ஆவணி மாதம், அமாவாசை, பவானி கூடுதுறை. உடம்பு இல்லாததால் அவனுடைய சட்டையை வைத்தார்கள், பத்தாவது பாஸானதற்கு நான் தைத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. ஐயர் பேர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். மயிலாத்தா இரண்டையும் சத்தமாகச் சொன்னாள். நான் படித்துறையில் தள்ளி நின்றேன். எள்ளும் தண்ணீரும் இறைத்த பிறகு அவளே இடுப்பளவு ஆற்றில் இறங்கிச் சட்டையை விட்டாள், அது கொஞ்ச தூரம் கை விரித்தபடி போய் முழுகியது. மறுநாள் விடிந்து கோகிலா எழுந்தபோது அவள் கால்கள் பாயைத் தாண்டிக் கிடந்தன.

ஒரு சாண். நான்தான் அளந்தேன். இரண்டு தடவை அளந்தேன்.

ஊர் உச்சுக்கொட்டியது. நாங்கள் சொன்னது சரியாகப் போனதில் எங்களுக்கு ஒரு சின்ன திருப்தியும் இருந்தது, அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். மயிலாத்தா அன்று மத்தியானம் கடைக்கு வந்தாள். எஸ்தர் டீச்சர் ரவிக்கைத் துணி கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். அவள் ஸ்டூலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் சாகலீங்க பாய். நான்தான் வெச்சுட்டன் புள்ளிய. அந்தச் சட்டைய தண்ணியில விடறப்ப, கை நனையற நேரம், ஆமா போயிட்டான்னு மனசுல நெனச்சுட்டனுங்க. ஒரே ஒருக்கா. நாலு வருசம் நெனைக்காதவ, அந்த ஒருக்கா நெனச்சுட்டன். அதுதானுங்க இப்புடி ஆயிருச்சு."

எஸ்தர் டீச்சர் கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கேள்விக்குறிக்கு அப்புறமும் பெரிய எழுத்து வரும் மயிலு. எல்லாம் முற்றுப்புள்ளின்னு எதுக்கு நெனைக்க?" என்றார்.

"அப்ப என் மவன் கேள்விக்குறின்னு வெச்சுக்கலாமுங்களா?"

"வெச்சுக்கலாம்."

மயிலாத்தா தரையில் விரலால் எதையோ வளைத்து வளைத்துப் போட்டுப் பார்த்தாள். படிப்பு இல்லாதவள், மகள் நோட்டில் பார்த்ததைத்தான் போட்டாள்.

"அதுக்கும் அடியில ஒரு புள்ளி இருக்குதுங்களே டீச்சர்" என்றாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நல்லசிவம் வீட்டார் வந்து பார்த்தார்கள். இரண்டு விரல் வித்தியாசம் இருந்தது, போதும் என்றார்கள். ஐப்பசியில் நாள் குறித்தார்கள். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மத்தியானம் இரண்டு மணிக்கு, கோகிலாவின் ரவிக்கைகளைக் கொடுக்க நான் மயிலாத்தா வீட்டில் இருந்தபோது, வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். தாடி, கையில் ஒரு உரச்சாக்குப் பை, ஒரு கால் லேசாக இழுத்தது.

"அம்மா" என்றான்.

மயிலாத்தா அடுப்படியிலிருந்து வந்தாள். எப்படி ஓடினாள், எப்படிக் கட்டிக்கொண்டாள் என்பதையெல்லாம் என்னால் எழுத முடியாது. அவனுடைய முகத்தை, காதை, கைவிரல் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். திருட்டு லாரி கேஸில் ஆள் மாற்றிப் பிடித்து, பாஷை தெரியாத ஊர் ஜெயிலில் நாலு வருஷம், எழுதிய கடுதாசி எதையும் அவர்கள் தபாலில் போடவே இல்லை, ஆவணியில் விட்டார்கள், வழியில் கூலி வேலை பார்த்துப் பார்த்து வந்தேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் பேச்சு நின்றது எப்போதென்றால், சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து கோகிலா தலையைக் குனிந்து வெளியே வந்தபோது.

அண்ணா என்று ஓடிவந்தவளை அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் இந்த ஊர்க்காரன். எல்லாம் தெரிந்தவன்.

"யாருங்மா செத்தது?" என்று கேட்டான்.

அவன் அம்மாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், சுவரில் அப்பா படத்தைப் பார்த்தான். அப்பா படத்துக்குப் பக்கத்தில் அவனுடைய பத்தாம் வகுப்புப் போட்டோவைப் பெரிசு பண்ணி மாட்டியிருந்தது, அதற்கும் மாலை போட்டிருந்தது. நான் அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

"எப்பங்மா?"

"ஆவணி அமாவாசை" என்றாள் மயிலாத்தா.

அவன் விரல் விட்டு எண்ணினான். "அன்னிக்குத்தானுங்மா என்னைய விட்டாங்க. கேட்டுக்கு வெளிய ஒரு அம்மா பூரி வித்துட்டு இருந்துச்சு. மூணு தின்னேன்" என்றான். குற்றம் சொல்வதுபோல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே பார்த்தவர்கள் இருந்தார்கள், டீக்கடையில் அவனுக்கு ஒரு டீயும் கொடுத்திருக்கிறார்கள், பேர் சொல்லிக் கூப்பிடாமல் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் தரகர் சின்னக்கண்ணுவும் நாலைந்து பெரியவர்களும் வந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். வந்தவனிடம் நலம் விசாரித்தார்கள், பிறகு அவன் இருக்கும்போதே அவன் இல்லாததுபோல் மயிலாத்தாளிடம் பேசினார்கள்.

"இவன் உசுரோட இருக்கறான்னா, அந்தப் புள்ளைக்கு வர வேண்டிய சாண் இன்னும் பாக்கி இருக்குதுன்னு அர்த்தமுங்க. இவன் நெசமா சாகறப்ப இன்னொரு சாண் வளருவா. மாப்பிள்ளைக்கு மேல முக்காச் சாணு போயிருவா. அந்தம்மா ஒத்துக்குவாங்களா? உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதி பண்ணின ஊடுன்னு வேற ஆச்சு" என்றார் சின்னக்கண்ணு.

எஸ்தர் டீச்சர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்திருந்தார். நான் அவரை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. "நான் படிச்சுக் குடுத்தது காயிதத்துல எழுதுகதுக்குய்யா. எழுத்துக்குத்தான் சட்டம், மனுசனுக்கா? புள்ளி தப்பா விழுந்தா அழிச்சுட்டு எழுதணும், அதுக்காக எழுதுனவனை அழிப்பாங்களா?" என்று கத்தினார். பெரியவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அழித்தால் கோகிலா பழைய உயரத்துக்குப் போவாளா என்று ஒருவர் கேட்டார். டீச்சரிடம் அதற்கு விதி இல்லை.

மறுநாள் விடிந்ததும் நான் அளந்து பார்த்தேன். கோகிலா ஒரு நூலும் குறையவில்லை. சென்னியப்பன் அவளுக்குப் பக்கத்தில் நின்றான், அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தான், அவன்தான் அண்ணன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்ணா" என்றாள் கோகிலா. மயிலாத்தாளும் முதலில் அதையேதான் சொன்னாள். "நிக்கட்டும். கலியாணம் நின்னா நிக்கட்டும். என் மவன் வந்துட்டான், எனக்கு அது போதும்" என்று அவள் சொன்னபோது சென்னியப்பன் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொன்ன வாயோடு அவள் பார்வை, மடித்து வைத்திருந்த கல்யாண ரவிக்கை மேல் ஒருதடவை போய்வந்தது. ஒரே ஒருதடவைதான். நானும் பார்த்தேன்.

இரண்டு நாள் அவன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். நாங்கள் யாரும் அவனைத் துரத்தவில்லை. போ என்று ஒரு வாய் சொல்லவில்லை. அந்தத் தெரு வழியாகப் போகும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டோம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து சீர்த்தட்டோடு வந்தவர்களிடம் எங்கள் ஊர் முழுக்க வாய் மூடிக்கொண்டிருந்தது, அந்த வீட்டுக் கதவு சாத்தியிருப்பது வெயிலுக்காக என்றோம். நல்ல ஊர் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். தப்பான இடத்தில் விழுந்த எழுத்தைச் சிவப்பு மையில் சுழிக்காமலே ஒரு ஊர் தள்ளிவைக்க முடியும், அதை நான் அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவன் என் கடைக்கு வந்து, தாடியை எடுக்கக் கண்ணாடி கேட்டான். எடுத்துக்கொண்டே சொன்னான், "ராயப்பூர்ப் பக்கம் ரிக்குல ஆளு எடுக்கறாங்களாமுங்க பாய். கடுதாசி போட மாட்டனுங்க. போட்டா தபால்காரன் பாப்பான், அவன் பெருந்துறைக்காரன். அம்மாளுக்கு ஒடம்புக்கு முடியாமப் போனா நீங்க பாத்துக்கோங்க."

"கலியாணம் முடிஞ்ச பிறகு வந்தா என்னடா? யாருக்குத் தெரியும்?"

"நான் இருக்கறேன்னு தெரிஞ்சா, அந்த ஊட்டுல அவ தெனமும் கதவோரம் நிக்கோணுமுங்க பாய். நாலு வருசம் நின்னுட்டா. போதுமுங்க."

அவனுக்கு என்னிடம் தைத்து வைத்திருந்த சட்டை ஒன்றைக் கொடுத்தேன், யாரோ வாங்காமல் விட்டுப்போனது. போட்டுக்கொண்டான். தோள் கொஞ்சம் தொளதொளத்தது, பிடித்துத் தரவா என்று கேட்டதற்கு, நேரமாகிவிட்டது என்றான்.

பதினோரு மணி சேலம் பஸ். மயிலாத்தா கூட வந்தாள். கோகிலாவை வெளியே வரக்கூடாது என்று அவன் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கையில் தூக்குப் போசி, அதில் புளிச்சோறு, மேலே முட்டை வைத்திருந்தாள், வாசம் என் கடை வரைக்கும் வந்தது. ஸ்டாப்பில் பத்துப் பேர் நின்றார்கள், எல்லோரும் அவனோடு பள்ளிக்கூடம் படித்தவர்கள், அவன் விலாசம் எழுதிக்கொடுத்த வீட்டுக்காரர்கள். ஒருவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார், ஒருவர் பீடிக்கட்டைப் பிரித்தார். நான் மிஷினில் உட்கார்ந்து துணியே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். மயிலாத்தா மகனிடம் பேசினாள், தண்ணீர் மாற்றிக் குடித்தால் உனக்குச் சேராது, காய்ச்சிக் குடி, இழுக்கிற காலுக்கு விளக்கெண்ணெய் போடு என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி பேசிக்கொண்டே இருந்தாள். பஸ் வந்ததும் பேச்சு நின்றது.

எங்கள் பக்கத்தில் சந்தைக்குப் போகிறவன்கூடப் போறேன் என்று சொல்ல மாட்டான். போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வான். வாய் தவறிப் பிள்ளை போறேன் என்று சொல்லிவிட்டால், அடுப்படியில் இருக்கிற தாய் கரண்டியோடு ஓடிவந்து, போயிட்டு வர்றேன்னு சொல்லு என்று அதட்டிச் சொல்லவைத்துத்தான் வாசலைத் தாண்டவிடுவாள். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான், எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

சென்னியப்பன் படியில் ஏறி நின்று திரும்பினான்.

"நான் போறனுங்மா" என்றான்.

மயிலாத்தா அவன் முகத்தையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். கண்டக்டர் விசில் ஊதினான்.

"செரி சாமி" என்றாள்.